தோண்டியவர், நடத்துகிறவர்

குமணன்சாவடி
6.2.1994

அன்புள்ள நைனாவுக்கு,

ஞானம் எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது என்று அம்மா கேட்கச் சொன்னாள். கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை, பொங்கலுக்கும் வரவில்லை, குஜராத்தில் அந்த மேசானா எண்ணெய்க் கேம்ப்பில் நீங்கள் ஒருவர் சமைக்காவிட்டால் எல்லோரும் பட்டினியா என்றும் கேட்கச் சொன்னாள். அவள் கேட்ட தோரணையை எழுதினால் காகிதம் தாங்காது.

முதலில் நல்ல செய்தி. ஆவடி வீட்டார் போன ஞாயிறு வந்து பேசி முடித்துவிட்டார்கள். மாப்பிள்ளை அருள்தாஸ் போட்டோவில் பார்த்ததைவிட ஒல்லி. டாங்க் ஃபேக்டரியில் வேலை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். என்னிடம் பேசிய முதல் வார்த்தையே, "உங்க நைனா செய்ற மீன் கொழம்பு பத்தி எங்கம்மா சொல்லிக்கினே கீது" என்பதுதான். எனக்குப் பிடித்துவிட்டது. மே மாதம் 23, திங்கட்கிழமை கல்யாணம். இப்போதே லீவு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

போன கடிதத்தில் என் வேலையைக் கிண்டல் செய்திருந்தீர்கள். "கம்ப்யூட்டர் என்கிறாய், கடைசியில் டைப் அடிப்பதுதானே?" டைப் அடித்தது போன வருடம். இப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் ஆபீசுக்கு அமெரிக்காவிலிருந்து வந்திருப்பது எண்ணெய்க் கிணறுகளின் விவரம். எந்த இடம், எத்தனை அடி ஆழம், எண்ணெய் வந்ததா, வாயு வந்ததா, வெறும் மண்தானா, தோண்டிய கம்பெனி எது என்று ஒவ்வொரு கிணற்றுக்கும் ஓர் அட்டை. எழுபது வருடமாக யார் யாரோ அடித்து வைத்தது. ஒரே கம்பெனியை ஒருவன் முழுப் பெயரோடு அடிக்கிறான், ஒருவன் பாதியில் புள்ளி வைக்கிறான், ஒருவன் இடம் தீர்ந்துபோய் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டான். கம்ப்யூட்டருக்கு இவையெல்லாம் வேறு வேறு கம்பெனி. இந்தக் கம்பெனி மொத்தம் எத்தனை கிணறு தோண்டியது என்று கேட்டால் திருதிருவென்று விழிக்கும். எல்லாவற்றையும் ஒரே பெயருக்குக் கொண்டுவருவதுதான் எங்கள் வேலை. நீங்கள் அங்கே கிணறு தோண்டுகிறவர்களுக்குச் சோறு போடுகிறீர்கள், நான் இங்கே கிணறு தோண்டினவர்களுக்குப் பெயர் வைக்கிறேன். ஆக, குடும்பமே எண்ணெயில்தான் இருக்கிறது.

இப்போது ஒரு வேண்டுகோள். கோபப்படாமல் படியுங்கள். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று ஓலை வாசிப்பார்கள். இன்னாருடைய மகள் என்று சொல்லி அழைக்க வேண்டும். அப்பா இறந்தபோது எனக்கு நாலு வயது. அவர் முகம் போட்டோவில் பார்த்ததுதான். இரண்டு வருடம் கழித்து நீங்கள் அம்மாவைக் கட்டிக்கொண்டு வந்தீர்கள். அன்றிலிருந்து நைனா என்று நான் கூப்பிட்டது உங்களைத்தான். பள்ளிக்கூடத்தில் இனிஷியல் கேட்டபோது நீங்கள்தான் "ராயப்பன்" என்று சொன்னீர்களாம். அது போகட்டும். ஓலையிலாவது அந்தோணிராஜின் மகள் என்று படிக்கட்டும். எனக்கு அதுதான் ஆசை. சரி என்று ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் மகள்
ஞானகுமாரி

*

சேசு மரி சூசை துணை

மேசானா
17.2.1994

அன்பு மகள் ஞானத்துக்கு நைனா ஆசீர்வதித்து எழுதுவது.

உன் கடிதம் கிடைத்து கேம்ப் முழுக்க லட்டு கொடுத்தேன். இங்கே கடையில் வாங்கிய லட்டுதான். என் கையால் செய்த இனிப்பை ஒருமுறை சாப்பிட்டுவிட்டு இந்த ஊர்க்காரர்கள் "இதில் சர்க்கரை எங்கே?" என்று கேட்டார்கள். பருப்பிலேயே வெல்லம் போடுகிற ஜனம். அவர்களுக்கு இனி நான் மைசூர்பாகு கிண்டுவதாக இல்லை.

மாப்பிள்ளையைப் பற்றி எழுதியதெல்லாம் சந்தோஷம். ஒல்லியாக இருந்தால் என்ன, நான் வந்து சரி செய்கிறேன். முழங்கால் பரவாயில்லை. அம்மாவிடம் சொல், திட்டைத் தபாலில் அனுப்ப வேண்டாம், நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

ஓலை விஷயம். அது மட்டும் வேண்டாம், கண்ணு.

உங்கப்பன் ராயப்பனைப் பற்றி நான் உனக்கு அதிகம் சொன்னதில்லை. நான் ஊரைவிட்டு வந்து அம்பத்தூரில் போக்கிடம் இல்லாமல் நின்றபோது, எஸ்டேட் கேன்டீனில் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவன் அவன். தங்க இடமும் அவன் அறையில்தான். மஞ்சள் காமாலையில் படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை. நான் இன்று யார் அடுப்பு முன்னால் நின்றாலும் அது அவன் போட்ட பிச்சை. அவனுக்கு இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது உன் பெயருக்கு முன்னால் நிற்கும் அந்த ஓர் எழுத்துதான். அவனுடைய மகளை, அவன் பெயரைச் சொல்லித்தான் கோயிலில் படிக்க வேண்டும். அதை நான் வாங்கிக்கொண்டால் அவன் பிறக்கவே இல்லை என்று ஆகிவிடும்.

நீ கேட்டதே எனக்குப் போதும். அது எனக்குக் கிடைத்த மாதிரிதான். இதோடு விடு.

உன் நைனா

*

குமணன்சாவடி
13.3.1994

அன்புள்ள நைனாவுக்கு,

விடச் சொன்னீர்கள். விட முடியவில்லை. ஆபீசில் நடந்ததைப் படித்தால் உங்களுக்கே புரியும்.

எந்தக் கம்பெனியை எந்தக் கம்பெனி வாங்கியது என்று அமெரிக்காக்காரர்கள் ஒரு விவரம் அனுப்பியிருந்தார்கள். அதை என்ன செய்வது என்று யாருக்கும் சந்தேகமே வரவில்லை. என் பக்கத்து சீட் வனஜா தெரியுமல்லவா, கோவிந்தன் மகள், ஜி. வனஜாவாக இருந்தவள் தை மாதம் உத்தமனைக் கட்டிக்கொண்டு யு. வனஜா ஆனாள். ரேஷன் கார்டில் மாற்றியாயிற்று, ஆபீஸ் ரிஜிஸ்டரில் மாற்றியாயிற்று. அதே மாதிரி, வாங்கப்பட்ட கம்பெனியின் பழைய பெயரை எல்லாக் கிணற்றிலிருந்தும் எடுத்துவிட்டு, வாங்கிய கம்பெனியின் பெயரைப் போட்டோம். எங்கள் செக்‌ஷனில் பாதிப் பேர் கல்யாணம் ஆனவர்கள், மீதிப் பேர் ஆகப்போகிறவர்கள். ஒருத்திக்காவது இது தப்பு என்று தோன்ற வேண்டுமே! வாரக்கணக்கில் சுறுசுறுப்பாகச் செய்து முடித்து, ஒருவரை ஒருவர் மெச்சிக்கொண்டு, டேப்பை கூரியரில் அனுப்பினோம்.

போன செவ்வாய் ஃபேக்ஸ் வந்தது. "இந்தக் கம்பெனி ஆரம்பித்ததே எழுபத்தெட்டில். அது எப்படி முப்பத்தொன்றில் கிணறு தோண்டியது?" என்று கேட்டிருந்தார்கள். ஒரு கிணறு இல்லை, நைனா. லோவெல் பிரதர்ஸ் என்று ஒரு சின்னக் கம்பெனி அந்தக் காலத்தில் தோண்டியது அத்தனையும் வின்ஃபோர்டு எனர்ஜி என்கிற புதுக் கம்பெனி தோண்டியதாக மாறிக் கிடக்கிறது. லோவெல் பிரதர்ஸ் என்று தட்டினால் கம்ப்யூட்டர் அப்படி யாருமே இல்லை என்கிறது.

சூப்பர்வைசர் ஜெயராமன் சார் முகம் சிவந்து, "யார் கேட்டு மாத்தினீங்க?" என்று கத்தினார். வனஜா எழுந்து, "இன்னா சார் இது, கட்டிக்கினு போனா இனிசியல் மாறத்தானே செய்யும்? நான் மாத்திக்கல?" என்றாள். சார் வாயைத் திறந்தார், மூடினார். அவர் வீட்டு அம்மாவும் மாற்றிக்கொண்டவர்தானே. எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, வேலை போய்விடுமோ என்ற பயமும் வந்தது.

இப்போது பழைய அட்டைகளை எல்லாம் எடுத்து முதலிலிருந்து செய்கிறோம். அமெரிக்காக்காரர்கள் தெளிவாக எழுதிவிட்டார்கள்: தோண்டியவர் பெயர் ஒரு கட்டத்தில், இன்று நடத்துகிறவர் பெயர் இன்னொரு கட்டத்தில். ஒன்று இருப்பதற்காக மற்றதை அழிக்கக் கூடாது. இதைப் படித்ததும் எனக்கு உங்கள் ஞாபகம்தான். அப்பா பெயரை யார் அழிக்கச் சொன்னது? ஓலையில் இரண்டு பேரையும் படித்தால் ஆகாதா?

நீங்கள் வந்த புதிதில் அம்மா மாவரைக்கும் மில்லுக்கு வேலைக்குப் போய்விடுவாள். காலையில் எனக்குத் தலை பின்னிவிட ஆள் இல்லை. நீங்கள்தான் பரோட்டா மாவை முறுக்குகிற மாதிரி முறுக்கிப் பின்னி, ரிப்பன் கட்டத் தெரியாமல் கேன்டீன் பொட்டலத்துச் சணல் கயிற்றைக் கட்டி அனுப்பினீர்கள். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் அடுத்த தெரு ஜெயசீலி அக்காவிடம் போய் ரிப்பன் கட்டக் கற்றுக்கொண்டு வந்து நின்றீர்கள். டைப்ரைட்டிங் கிளாசுக்கு அனுப்பியது நீங்கள். "பொம்பளப் புள்ளக்கி எதுக்கு?" என்று கேட்டவர்களிடம் கரண்டியோடு சண்டைக்குப் போனதும் நீங்கள். இதற்கெல்லாம் நான் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. வீட்டுக்குள் யார் அதைச் சொல்கிறார்கள்? ஓலையில் உங்கள் பெயரைக் கேட்பதுதான் எனக்குத் தெரிந்த நன்றி.

அம்மாவிடம் கேட்டேன். "ரெண்டு பேருமே எனக்குப் புருசந்தான். யார் பேரப் படிச்சாலும் நான் தல குனிஞ்சி ஒக்கார மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

உங்கள் மகள்
ஞானகுமாரி

*

சேசு மரி சூசை துணை

மேசானா
25.3.1994

அன்பு மகள் ஞானத்துக்கு,

அமெரிக்காக்காரன் பேச்சைக் கேட்டு எனக்கு வக்கீல் நோட்டீஸ் மாதிரி எழுதியிருக்கிறாய். இங்கே நம் வெள்ளானூர் வேம்புலி கிரேன் ஓட்டுகிறான். அவனிடம் சொன்னேன். "அண்ணாத்தே, பொண்ணு சொல்றது கரீட்டு" என்றான். அவனுக்கு அன்றைக்குக் கறி குறைத்துப் போட்டேன்.

உன் ஆபீஸ் கதையைப் படித்துச் சிரித்தேன். வனஜா கெட்டிக்காரப் பெண். நான் அந்த சூப்பர்வைசராக இருந்திருந்தாலும் வாயை மூடியிருப்பேன். சணல் கயிற்றை இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறாயே, மோசக்காரி. ஆனால் மனுஷன் எண்ணெய்க் கிணறு இல்லை, ஞானம். அவனுக்கு இரண்டு கட்டம் போட முடியாது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உன் அம்மாவைக் கட்டிய அன்று கேன்டீன் வாசலில் ஒருவன் என் காதில் விழும்படி சொன்னான். "செத்தவன் ஊட்டுல பூந்துகினான், இன்னும் கொஞ்ச நாள்ல அவன் பேரையும் எடுத்துக்குவான் பாரு." அவனை அடிக்கக் கை ஓங்கினேன். அடிக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு முடிவு செய்தேன். ராயப்பனுடைய பெயரில் ஓர் எழுத்தைக்கூட நான் தொட மாட்டேன் என்று. பள்ளிக்கூடத்தில் உன் இனிஷியலை ராயப்பன் என்று சொன்னபோது அந்த ஆளுக்குத்தான் பதில் சொன்னேன். இத்தனை வருடம் காப்பாற்றியதைக் கோயிலில் வைத்து ஏன் விட வேண்டும்?

நான் உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன். ஓலையில் ராயப்பன் பெயரை மட்டும் கொடு. இந்தப் பேச்சை இனி எடுக்காதே.

மே மாதம் கிணறு தோண்டுகிற ரிக் வேறு இடத்துக்கு மாறுகிறது. கேம்ப்பைப் பிரித்து மறுபடி போட வேண்டும். கல்யாணத்துக்கு முதல்நாள் கட்டாயம் வந்து சேர்வேன். பந்திக்கு வேறு எவனையும் அடுப்புப் பக்கம் விடாதே. சமையல் என்னுடையது.

உன் நைனா

*

குமணன்சாவடி
2.5.1994

அன்புள்ள நைனாவுக்கு,

நீங்கள் சொன்னபடியே செய்தேன். நேற்று முதல் ஓலை வாசித்தார்கள்.

அம்மா நீலப் புடவை கட்டிக்கொண்டு, முக்காட்டைச் சரிசெய்தபடி முன் வரிசையில் உட்கார்ந்தாள். பிரசங்கம் முடிந்ததும் சாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். ஆவடி பங்கைச் சேர்ந்த இன்னார் மகன் அருள்தாஸ் என்பவருக்கும், நமது பங்கைச் சேர்ந்த காலஞ்சென்ற ராயப்பன், ராணி ஆகியோரின் மகள் ஞானகுமாரி என்பவருக்கும். அவ்வளவுதான், அரை நிமிடம்கூட ஆகவில்லை. அப்பா பெயரைக் கேட்டதும் அம்மாவின் கை என் கையைப் பிடித்தது. நீங்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அந்தப் பெயரை யாராவது உரக்கச் சொல்லி எத்தனை வருடம் ஆகியிருக்கும்! அதற்காக உங்களுக்கு நன்றி.

பூசை முடிந்து வெளியே வந்தால் ஜெயசீலி அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாடி ஞானம், இந்த வாரம் ஒன் ஓலன்னு சொன்னே, ஒன் பேர்லயே யாரோ ராயப்பன் பொண்ணுக்கு இல்ல படிச்சாங்க? ஒன்னுது எப்போ?"

"அது நான்தான் அக்கா" என்றேன். அவள் நம்பவில்லை. "சும்மா இருடி. நீ சமையக்கார அந்தோணிராஜ் பொண்ணு. எனக்குத் தெரியாதா? எங்கூட்டு வாசல்ல நின்னுகினு ரிப்பன் கட்டக் கத்துக்கினு போன ஆளு" என்றாள். இன்னும் இரண்டு பேர் வந்து அதையே கேட்டார்கள். ஒரு கிழவர், "பேரு தப்பா படிச்சிட்டாங்க, போய் சாமியார்கிட்ட சொல்லும்மா" என்று எனக்குப் புத்தி சொன்னார். அம்மா சிரித்துச் சமாளித்தாள். நான் கோயில் குழாயடியில் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பேச்சை எடுக்காதே என்றீர்கள், எடுக்கவில்லை. நடந்ததை மட்டும் சொன்னேன்.

ஆபீஸ் வேலை ஒருவழியாக முடிந்தது. இரண்டு கட்டத்தையும் நிரப்பி அனுப்பிவிட்டோம். சரியாக இருக்கிறது, பொறுமையாகத் திருத்தியதற்கு எல்லோருக்கும் நன்றி என்று ஃபேக்ஸ் வந்தது. ஜெயராமன் சார் அதை நின்றுகொண்டு உரக்கப் படித்துவிட்டு எல்லோருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தார். வனஜாவுக்கு மட்டும் இரண்டு. அடுத்து வேறொரு மாநிலத்துக் கிணறுகள் வருகின்றனவாம். கல்யாணத்துக்குப் பின் ஆவடியிலிருந்து வந்து போகலாம் என்று அருள்தாஸும் சரி சொல்லிவிட்டார்.

இதில் எனக்குப் பிடித்த கம்பெனி ஒன்று உண்டு. ஒரே ஒரு கிணறு தோண்டியிருக்கிறது. அதுவும் வெறும் மண். அதோடு காணாமல் போய்விட்டது, யாரும் வாங்கவில்லை. அந்தப் பெயரை ஒரு புள்ளி விடாமல் சரிபார்த்து நானே அடித்தேன்.

அடுத்த ஓலை 8ஆம் தேதி, கடைசி 15ஆம் தேதி. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கேம்ப் மாற்றும்போது நீங்களே பாத்திரம் தூக்காதீர்கள்.

உங்கள் மகள்
ஞானகுமாரி

*

சேசு மரி சூசை துணை

மேசானா
9.5.1994

அன்பு மகள் ஞானத்துக்கு,

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. வேம்புலி இன்று லீவில் ஊருக்கு வருகிறான், அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். உன்னிடம் கொடுத்துவிட்டுத்தான் வெள்ளானூருக்கு பஸ் ஏற வேண்டும் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். அவனுக்கு ஒரு டீ கொடு.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. மத்தியானப் பந்தி முடிந்து படித்தேன். ஜெயசீலி கேட்டதை வேம்புலிக்குப் படித்துக் காட்டினேன். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவன் கிரேனுக்குப் போனபின் இன்னொரு முறை படித்தேன். நீ குழாயடியில் முகம் கழுவினாய் என்ற இடத்துக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. சாயங்காலம் சோற்றைக் குழையவிட்டு நாலு பேரிடம் திட்டு வாங்கினேன்.

வேண்டாம் என்று சொன்னது நான்தான். நீ சொன்னபடி செய்தாய், உன் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் ஞானம், உன் பெயரைக் கோயிலில் படித்தார்கள், அதில் நான் இல்லை என்று உன் கையெழுத்தில் பார்த்தபோது என்னால் தாங்க முடியவில்லை. பெரிய மனுஷன் மாதிரி விட்டுக்கொடுத்தேன். விட்டுக்கொடுக்க எனக்கு மனசே இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது. எவனோ ஒருவன் கேன்டீன் வாசலில் சொன்ன வார்த்தைக்காக இத்தனை வருடம் வீம்பாக இருந்துவிட்டேன். அந்த ஆள் பெயர்கூட எனக்கு இப்போது ஞாபகம் இல்லை.

எனக்கும் வேண்டும், கண்ணு. ராயப்பன் பெயரை முதலில் படிக்கட்டும், அதை விடவே கூடாது. அதன் பின்னால் என்னையும் படிக்கச் சொல். ராயப்பன் கோபித்துக்கொள்ள மாட்டான். அவன் அறையில் பாதிப் பாயை எனக்குக் கொடுத்தவன்.

நீ எனக்கு நன்றி எழுதியிருந்தாய். யார் யாருக்குச் சொல்வது? யாரும் இல்லாமல் கரண்டி பிடித்துக்கொண்டிருந்தவனை ஆறு வயதில் ஓடி வந்து நைனா என்று கூப்பிட்டாய். உன் அம்மா உனக்குச் சொல்லிக் கொடுத்தாளோ, நீயாகவே கூப்பிட்டாயோ, நான் இதுவரை கேட்டதில்லை. கேட்கப் போவதும் இல்லை.

இன்று காலை மேனேஜரிடம் போய் நின்றேன். "கல்யாணம் 23ஆம் தேதிதானே, இப்போதே எதற்கு லீவு?" என்றார். கோயிலில் என் பெயரைப் படிக்கப் போகிறார்கள் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அவருக்கு என்ன புரிந்ததோ, பண்டிகை என்று நினைத்தாரோ, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். வியாழக்கிழமை ரயில் ஏறி சனிக்கிழமை சென்ட்ரலில் இறங்குகிறேன். ஞாயிறு பூசைக்கு உன் அம்மா பக்கத்தில் உட்கார இடம் வை.

நீ இந்தக் கடிதம் கண்டதும் சாமியாரிடம் போ. இரண்டு ஓலை ஒரு மாதிரி, மூன்றாவது வேறு மாதிரி எப்படிப் படிப்பது என்று அவர் கேட்பார். இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று கடைசியில் படிப்பாரே, அதை ஞாபகப்படுத்து. எனக்கு ஒரு தடை தெரியும். பெண்ணுக்கு அப்பன் பெயரைப் பாதிதான் படித்திருக்கிறார்கள். அதைச் சொல்ல மேசானாவிலிருந்து ஆள் வருகிறார் என்று சொல்.

அவர் தடுமாறாமல் படிக்கட்டும் என்று கீழே கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன். கிழித்து அவரிடம் கொடுத்துவிடு.

உன் நைனா

அந்தோணிராஜ்
சமையற்காரர், குமணன்சாவடி
ஞானகுமாரியின் தகப்பன்